புட்டு மாவுப் பதம்: வேளச்சேரி மொட்டை மாடியில் முளைக்காமல் போன ஸ்வீட் கார்ன்

கத்திரி வெயில் தொடங்கி இரண்டாவது வாரம். வேளச்சேரியில் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா போன் செய்தார். "தம்பி, அறுபது விதை ஊன்றினேன். பத்து நாள் ஆச்சு. ஏழுதான் தலை காட்டியிருக்கு. பாக்கெட்ல 85 சதவீதம்னு போட்டிருக்கான். ஏமாத்திட்டான் தம்பி."

குரலில் கோபத்தை விட வருத்தம்தான் அதிகம். கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகளுக்கு, மெரினாவில் வாங்கித் தின்னும் கார்னை மாடியிலேயே வளர்த்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் தினமும் காலையில் பைகளை எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

நான் விதையியல் படித்தவன். மாடித்தோட்டக்காரர்களுக்கு விதை, மண் விஷயத்தில் உதவி வருகிறேன். இந்த மாதிரி அழைப்பு வந்தால் எல்லோரும் முதலில் விதைக்காரரைத்தான் திட்டுவார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் முளைக்காத விதை மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. என்ன நடந்தது என்று அதையே தோண்டிப் பார்த்துவிடலாம். "ஒரு பையைப் பிரிச்சுப் பார்த்துட்டு அப்புறம் பேசலாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பைக்குள் இருந்தது

மொத்தம் முப்பது கறுப்பு வளர்ப்புப் பைகள், பைக்கு இரண்டு விதை. செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கலவையில் குறை இல்லை. பைகள் மாடியின் தென்மேற்கு மூலையில், காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை நேர் வெயிலில் இருந்தன. காலையும் மாலையும் பையின் அடியில் வழியும் வரை தண்ணீர்.

நான் போனபோது மணி இரண்டு. மண்ணுக்குள் செருகும் வெப்பமானியை விதை இருந்த ஆழத்தில், மூன்று சென்டிமீட்டரில் வைத்தேன். 47 டிகிரி காட்டியது. அன்று வெளி வெப்பம் 38 டிகிரிதான். கறுப்புப் பை ஒரு பக்கமும், தகிக்கும் தளம் அடியிலும் சூடேற்றியதில் மண் காற்றை விடச் சூடாகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் 30 டிகிரி இருந்தது.

பிறகு மேல் மண்ணை விரலால் மெல்ல விலக்கினேன். முதல் விதை இரண்டு மடங்காக ஊதியிருந்தது. தொட்டதும் தோல் நழுவி, உள்ளே இருந்து வெள்ளையாகக் கூழ் வந்தது. மூக்கருகே கொண்டு போனால் நாள்பட்டுப் புளித்த இட்லி மாவின் வாடை. இரண்டாவதின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை பஞ்சு போலப் படர்ந்திருந்தது. ஐந்தாவதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பாவமாக இருந்தது. அது முளைத்திருக்கிறது. வேர் விட்டு, வெண்மையான முளைக்குருத்து இரண்டு சென்டிமீட்டர் ஏறி, வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண் ஏட்டில் முட்டி, மடங்கி, அப்படியே பழுப்பாகிக் கிடந்தது.

பத்துப் பைகளைப் பிரித்தேன். இருபது விதைகளில் இரண்டு வெளியே வந்தவை. மூன்று முளைத்தும் மேலே வர முடியாமல் போனவை. மீதிப் பதினைந்தும் அழுகல். எதுவும் காய்ந்த நிலையில் கிடைக்கவில்லை. அதாவது, தண்ணீர் போதாமல் ஒரு விதை கூடச் சாகவில்லை.

அக்காவிடம் கேட்டபோது இன்னும் இரண்டு தகவல் வந்தன. பாக்கெட்டை மார்ச்சில் பிரித்து, வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, துணி துவைக்கும் இடத்து அலமாரியில் வைத்திருந்தார். ஊன்றுவதற்கு முன் இரவு முழுக்கக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். "பயறு, கடலை எல்லாம் ஊறப் போட்டுத்தானே முளை கட்டறோம்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் இந்த விதையின் சங்கதி வேறு.

கன்னம் ஒட்டிய விதை

மிச்சமிருந்த விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். புறாவுக்குப் போடும் சாதாரண மக்காச்சோளம் பளபளவென்று உருண்டு திரண்டு இருக்கும். இது வற்றிச் சுருங்கி, கன்னம் ஒட்டிப்போன முகம் போல இருந்தது. பாக்கெட்டிலும் 'சூப்பர் ஸ்வீட்' என்று போட்டிருந்தது. நூறு விதை 13 கிராம். புறாச் சோளத்தில் நூறு 30 கிராம்.

இந்தச் சுருக்கத்துக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு மாற்றம். மணியில் சேரும் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றும் வேலையில் ஒரு முக்கியமான நொதி அங்கே சரியாக வேலை செய்யாது. சர்க்கரை சர்க்கரையாகவே தங்கிவிடும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர், இந்தச் சுருங்கிய மணிகளின் அசாதாரண இனிப்பைப் பற்றி 1953-ல் எழுதினார். நாம் கப்பில் வெண்ணெய் போட்டுச் சாப்பிடும் சூப்பர் ஸ்வீட் ரகங்கள் அந்த வழியில் வந்தவை.

தின்பவருக்கு லாபம், விதைக்கு நஷ்டம். முளைக்கருவுக்குக் கட்டுச்சோறாக இருக்க வேண்டிய மாவுச்சத்து குறைவு. மணி காயும்போது உள்ளே வற்றுவதால் மேல் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. உள்ளே சர்க்கரை நிறைய இருப்பதால் தண்ணீரை வேகமாக இழுக்கும். இழுக்கிற வேகத்தில் செல் சவ்வுகள் தங்களைச் சீர்செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் கிழிந்து, உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்புகளும் வெளியே கசியும். பித்தியம், பியூசேரியம் போன்று விதையை அழுக வைக்கும் மண் நுண்ணுயிர்களுக்கு அதை விட நல்ல விருந்து கிடையாது.

படித்ததைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு கண்ணாடி டம்ளரில் இருபது ஸ்வீட் கார்ன் விதையும் இருபது புறாச் சோளமும் தனித்தனியே போட்டு, பத்து மணி நேரம் ஊறவைத்தேன். ஸ்வீட் கார்ன் 2.6 கிராமிலிருந்து 4.3 கிராமுக்குப் போனது. புறாச் சோளம் 6 கிராமிலிருந்து 7.8 கிராம். ஒன்று தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு குடித்திருக்கிறது, மற்றது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஊறிய தண்ணீரை இரண்டு தட்டில் ஊற்றிச் சமையலறை மேடையில் வைத்தேன். புறாச் சோளத் தண்ணீர் அப்படியே இருந்தது. ஸ்வீட் கார்ன் தண்ணீர் கலங்கி, விரலில் பிசுபிசுத்தது. ஒரு மணி நேரத்தில் அந்தத் தட்டைச் சுற்றி மட்டும் எறும்பு வரிசை கட்டிவிட்டது. அக்கா அதைப் பார்த்த பிறகு ஊறப் போடுவதைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து துணிச் சுருள்கள்

சரி, விதை உயிரோடுதான் இருக்கிறதா? ஆய்வுக்கூடங்களில் மக்காச்சோளத்துக்கு 400 விதையை ஈரத்தாள் சுருளிலோ மணலிலோ வைத்து, 25 டிகிரியிலோ 20-30 என்று மாறி மாறியோ வைத்திருந்து, நான்காம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுவார்கள். நம்மிடம் அவ்வளவு விதை இல்லை. பத்துப் பத்தாகப் பிரித்து, பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து ஐந்து சுருள் போட்டோம். பத்து விதை என்பது சின்ன எண்ணிக்கை. ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. ஏழுக்கும் இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்துக்கு அர்த்தம் உண்டு.

முதல் சுருளை நனைத்து இறுகப் பிழிந்து, வீட்டுக்குள் அலமாரியில் வைத்தோம். வெப்பம் 29 முதல் 31 டிகிரி. ஏழு முளைத்தது. இரண்டாவது, அதே அறை. ஆனால் துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்ட மூடி போட்ட டப்பாவில் வைத்தோம். இரண்டுதான் முளைத்தது, மீதி பூஞ்சை. மூன்றாவதில் இரவு முழுக்க ஊறவைத்த விதையைப் பிழிந்த துணியில் வைத்தோம், மூன்று. நான்காவது பிழிந்த துணிதான், ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே எவர்சில்வர் டப்பாவில் வைத்தோம். மதியம் 43 டிகிரி வரை போனது. இரண்டு முளைத்தது, அவற்றிலும் வேர் நுனி பழுப்பு.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். விதையை முதல் நாள் இரவு, லேசாகத் தண்ணீர் தெளித்த துணிக்குள் சும்மா வைத்திருந்து, மறுநாள் பிழிந்த துணிக்கு மாற்றினோம். தண்ணீரை மெதுவாகக் குடிக்க விட்டோம், அவ்வளவுதான். எட்டு முளைத்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் புறாச் சோளத்தையும் பிழிந்த துணியிலும் சொட்டும் துணியிலும் வைத்தோம். பத்தும் ஏழும் வந்தன. சாதாரண சோளம் தாங்குகிற ஈரத்தைச் சூப்பர் ஸ்வீட் தாங்காது.

ஆக, விதை செத்த விதை இல்லை. பாக்கெட் 85 என்றது, நமக்கு 70, 80 வந்தது. முளைத்தவற்றிலும் சில நாற்றுகள் மெலிந்துதான் இருந்தன. இரண்டு மாதம் துவைக்கும் இடத்தில் இருந்ததன் விலை அதுவாக இருக்கலாம்.

சேமிப்பைப் பற்றி ஒரு கணக்கு. அறையின் ஈரப்பதச் சதவீதத்தையும் பாரன்ஹீட் வெப்பத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டக் கூடாது என்று ஹாரிங்டன் என்ற விதையியலாளர் ஒரு விதி சொன்னார். சென்னையில் 30 டிகிரி என்றால் 86 பாரன்ஹீட். காற்றின் ஈரப்பதம் 75. கூட்டினால் 161. திறந்த பாக்கெட்டுக்கு இந்த ஊர் எவ்வளவு கடுமையானது என்று இதிலேயே தெரியும். காற்றுப் புகாத உறையில் மக்காச்சோள விதை 8 சதவீத ஈரத்தோடு இருக்க வேண்டும். ஒவ்வொரு ஒரு சதவீதம் ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். 8-லிருந்து 11 ஆனால் எட்டில் ஒரு பங்கு. மூன்று சதவீதம் ஏற ஒரு ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டுக்குச் சில வாரங்கள் போதும்.

மிச்சமிருந்த எண்பது விதையையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, இறுக மூடி, ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைக்கச் சொன்னேன். எடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வெளியே எடுத்து அரை நாள் கழித்துத்தான் திறக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் விதை மேல் முத்து முத்தாக வியர்க்கும்.

குளிரைப் பற்றிய எச்சரிக்கையும் நம் ஊரும்

ஸ்வீட் கார்ன் பற்றி எதைப் படித்தாலும் முதல் வரி குளிரைப் பற்றித்தான் இருக்கும். மண் 10 டிகிரிக்குக் கீழே மக்காச்சோளம் முளைக்காது, சூப்பர் ஸ்வீட்டுக்கு 16, 18 டிகிரியாவது வேண்டும் என்பார்கள். குளிர்ந்த ஈர மண்ணில் விதை தண்ணீர் குடித்தால் சவ்வுகள் இன்னும் மோசமாகக் கிழியும். குளிர்நாட்டில் அது உண்மையான ஆபத்து. சென்னையில் ஜனவரி இரவிலும் சராசரி 20, 21 டிகிரிக்குக் கீழே போவதில்லை. அதனால் நம் ஆட்கள் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, 'நமக்குத்தான் சூடு இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் போடலாம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் ஊர் விதையைக் கொல்வது வேறு வழியில். சூடும் தண்ணீரும் சேர்ந்து கொல்கிறது.

25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏற ஏற முளைப்பு வேகமாகும். 35-ஐத் தாண்டினால் தடுமாறும். 40-க்கு மேல் முளைக்கரு ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் அதன் சுவாசம் உடனே நிற்காது. கையிருப்பு கொஞ்சம், அதுவும் வீணாகக் கரைகிறது. மாலையில் 35-க்கு இறங்கும்போது பூஞ்சையும் பாக்டீரியாவும் முழு வேகத்தில் இருக்கும். அந்த நேரம் பார்த்து நாம் பை வழிய வழியத் தண்ணீர் ஊற்றுகிறோம். சூடான மண்ணில் விதைகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் அதிகம் தேவை. சூடான தண்ணீரில் அது குறைவாகத்தான் கரையும். 15 டிகிரியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்றால் 35 டிகிரியில் 7. போதாததற்கு, தண்ணீர் நிறைந்த மண் இடுக்கில் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் இருப்பதை விடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. வெயிலைப் பார்த்துப் பயந்து ஊற்றிய தண்ணீர் விதையின் மூச்சை அடைத்துவிட்டது.

ஐப்பசியில் நான் செய்த தவறு

இதை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு அரைகுறை. அக்டோபர் கடைசியில், கீழ்க்கட்டளையில் இருக்கும் என் நண்பர் தரையில் பாத்தி கட்டி வைத்திருந்தார். வெயில் தணிந்துவிட்டது, மண் 27 டிகிரி, முளைக்க இதை விட நல்ல வெப்பம் கிடையாது. ஃபிரிட்ஜிலிருந்து முப்பது விதை வாங்கிக்கொண்டு போய் நானே ஊன்றிக் கொடுத்தேன். களிமண் பாத்தி. மூன்றாம் நாள் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடாமல் பெய்தது. பாத்தியில் தண்ணீர் நின்றது. ஒரு விதை கூட வரவில்லை.

வெப்பமானியைப் பார்த்தேன், நாட்காட்டியைப் பார்க்கவில்லை. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த நாட்களில் களிமண் தரையில் சூப்பர் ஸ்வீட் போடுவது தண்ணீருக்குள் போடுவது போலத்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து மணல் தரையாக இருந்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும், பாதியாவது பிழைத்திருக்கும். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பத்து வயது மகள்தான், "மாமா, மழை வரும்னு டிவியில சொன்னாங்களே" என்றாள்.

தையில் ஐம்பது குழி

பொங்கல் முடிந்த வாரம் அக்கா வீட்டில் மீண்டும் தொடங்கினோம். மீதி இருந்தது சரியாக ஐம்பது விதை. இந்த முறை பையில் நேரடியாக ஊன்றவில்லை. ஐம்பது குழி உள்ள குழித்தட்டில், நன்றாக அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க் கழிவு.

ஈரத்தை எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்கு எப்போதும் சிக்கல். 'போதுமான ஈரம்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அக்கா நார்க் கழிவைக் கையில் அள்ளி, தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொண்டே, "புட்டு மாவுப் பதமா?" என்று கேட்டார். அதே பதம்தான். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டு கூட வரக் கூடாது. இத்தனை வருடமாக நான் தேடிய வார்த்தையை அவர் சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

விதையை ஊறவைக்கவில்லை. ஈரத்துணிக்குள் ஓர் இரவு மட்டும் வைத்து எடுத்தோம். கெட்ட பூஞ்சைகளை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடியை, கிலோவுக்கு 4 கிராம் என்ற கணக்கில், இந்த அளவுக்கு ஒரு சிட்டிகை, தூவிப் புரட்டினோம். ஆழம் இரண்டு சென்டிமீட்டர். மேலே செம்மண் கிடையாது, நார்க் கழிவு மட்டும், அதனால் ஏடு கட்டாது. தட்டை மாடிப்படி வளைவின் நிழலில் வைத்தோம். மதியம் 29, விடிகாலை 23 டிகிரி. முளை வரும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது, மேற்பரப்பு வெளுத்தால் மட்டும் ஸ்பிரே பாட்டிலில் தெளிக்கலாம் என்று ஏற்பாடு.

எத்தனை நாளில் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தேன். மக்காச்சோளம் மண்ணை விட்டு வெளியே வர, 10 டிகிரிக்கு மேல் உள்ள வெப்பத்தை நாள்தோறும் கூட்டி வந்தால் ஏறக்குறைய 64 வர வேண்டும். சராசரி 26 என்றால் ஒரு நாளைக்கு 16, நான்கு நாள். குளிர்நாட்டில் 15 டிகிரி மண்ணில் இதே விதைக்குப் பதின்மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் வெளிநாட்டுக் குறிப்புகளில் இரண்டு வாரம் பொறுங்கள் என்று இருக்கும். நம் ஊரில் ஏழு நாளாகியும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் தோண்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு அக்கா படம் அனுப்பினார். ஊசி ஊசியாகப் பத்தொன்பது. அன்று மாலைக்குள் இருபத்தாறு. ஏழாம் நாள் எண்ணி முடித்தபோது முப்பத்து நான்கு. ஐம்பதுக்கு 68 சதவீதம். மே மாதம் பிழிந்த துணியில் பத்துக்கு ஏழு வந்ததே, ஏறக்குறைய அதே அளவு. ஃபிரிட்ஜில் எட்டு மாதம் இருந்ததில் விதை பெரிதாக எதையும் இழக்கவில்லை.

பத்தாம் நாள், வேர் சுற்றிக்கொள்ளும் முன் குழியின் கட்டியோடு எடுத்துப் பைக்கு மாற்றினோம். பைகளையும் வரிசையாக நீட்டாமல் சதுரமாக நெருக்கி வைத்தோம். மகரந்தம் காற்றில் பறந்து கதிரின் பட்டு இழைகளில் விழ வேண்டும், நீண்ட ஒற்றை வரிசையில் பாதி மணிகள் சொள்ளையாகிவிடும்.

வராத பதினாறு குழிகளையும் அக்காவே குச்சியால் கிளறிப் பார்த்து எனக்குப் போன் செய்தார். ஒன்பது முளையே விடாமல் கெட்டியாக இருந்தன. நான்கு மெலிந்த வேர் மட்டும் விட்டிருந்தன. மூன்று மட்டும்தான் அழுகியிருந்தன. "வாடையே இல்லை தம்பி" என்றார்.